வேலை செய்யும் உரிமை

ரஞ்சிதமலர் வெளிநாட்டில் தங்குவதற்கான வதிவிட அட்டை காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை. அவளுக்கு வேலை செய்ய உரிமை உண்டென்று குடிவரவு அலுவலகம் உறுதிப்படுத்தும்வரை முதியோர் இல்லத்துக்கு வரவேண்டாம் என்றுவிட்டார் மேலாளர். அவள் பார்த்த வேலை, அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த கௌசிகாவுக்குப் போனது.

அங்கே அருளப்பு என்றொரு மறதி நோய்க்காரர் இருந்தார். ரஞ்சிதமலர் ஊட்டினால் மட்டுமே சாப்பிடுவார்.

மாலையில் கௌசிகா சப்பாத்தைக் கழற்றுமுன்பே இவள் கேட்பாள்.

"அருளப்பு ஐயா சாப்பிட்டவரோ?"

"ஓம் அக்கா, முழுக்கச் சாப்பிட்டவர். வடிவாச் சிரிச்சவர்."

"என்னைத் தேடேல்லையோ?"

"தேடினவர்" என்பாள் கௌசிகா, முகத்தைப் பாராமல்.

அவர் பட்டினி கிடக்கவேண்டும் என்று ரஞ்சிதமலர் விரும்பினாள். அப்படி விரும்பியதற்காக அழுதாள். மறுநாளும் அதையே விரும்பினாள்.

அட்டை வருவதற்கு முன்பே, அவள் வேலை செய்யலாம் என்ற பதில் மேலாளருக்கு வந்தது. ஓடிப்போய்க் கஞ்சியோடு அருளப்புவின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டார்.

"கௌசி எங்க?"

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"நான்தான் ஐயா கௌசி" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.