தண்ணீர் டப்பாவுக்கு வந்த நோய்

ஸ்கேன் அறைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து, சதை எடுக்கும் ஊசிக்கு நிம்மதி போய்விட்டது.

"நுரையீரல் புற்றுநோய்க்காரரைக் குத்திச் சதை எடுத்துச் சோதிப்பதெல்லாம் எதற்கு? எந்த மரபணு கெட்டிருக்கிறது, எந்த மாத்திரைக்கு நோய் கேட்கும் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்," என்று கம்ப்யூட்டர் நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டது. மாத்திரை மாறினால் ஆள் போய்விடுவானே என்று ஊசி முணுமுணுத்தது.

மறுநாள் காலை, ஸ்கேன் இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவைப் படுக்கையில் வைத்துப் படம் எடுத்தார்கள். படம் திரையில் விழுந்ததுதான் தாமதம், கம்ப்யூட்டர் தொண்டையைச் செருமியது.

"இவருக்கு மரபணு கெட்டிருக்கிறது. தொண்ணூற்றாறு சதவீதம் உறுதி. இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கலாம்."

டப்பா மெல்லக் குரல் கொடுத்தது. "ஐயா, எனக்கு நுரையீரலே கிடையாதுங்க."

கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பார்த்தீர்களா, நோய் எவ்வளவு முற்றிவிட்டது என்று. சரி, அடுத்தவரை அனுப்புங்கள்."

கதவுக்கு வெளியே யாரோ இருமிக்கொண்டே எழுந்திருப்பது ஊசிக்குக் கேட்டது.