ஒரு தலை குறைந்தால்

படப்பை ஸ்டேஷனைச் சுற்றிப் பத்தாயிரம் பேர் குடியிருந்தால்தான் மெட்ரோ அங்கே நிற்கும் என்பது விதி. வாசலில் இருந்த பலகை சரியாகப் பத்தாயிரம் காட்டியது. அதில் ஒருத்தியான கயல்விழிக்கு மறுநாள் கல்யாணம்.

“நீ புகுந்த வீடு போனா ஒரு தலை குறையும், ரயில் நிக்காதும்மா. மாப்பிள்ளையை உங்க வீட்டோடயே வந்து இருக்கச் சொல்லேன்” என்று கெஞ்சினார் நலச்சங்கச் செயலாளர் தணிகாசலம்.

மாப்பிள்ளையின் ஊரான ஒரகடத்திலும் அதே நிலைமை; அங்குள்ள சங்கம் அவரை விடவில்லை. ஆகவே கல்யாணம் முடிந்தும் அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டு, மெட்ரோவில் போய்வந்து குடித்தனம் நடத்தினார்கள்.

நாலாம் மாதம் ஸ்டேஷனில் கயல்விழி வாந்தி எடுத்தாள். தணிகாசலம் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

“இனி கவலையே இல்லம்மா! குழந்தை பொறந்ததும் அதை இங்க விட்டுட்டு, நீ தாராளமா புருஷன் வீட்டுக்குப் போ!”