அண்ணி கொடுத்த ஏடு

சமையலறை அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி, நிறையச் சர்க்கரையோடு வெயிலில் மின்னுகிறது. போன மாதம் அதில்தான் அண்ணி, வயிற்றுக்கு நல்லதென்று, கொம்புச்சா என்னும் புளித்த தேநீரை இவளுக்குக் கொடுத்திருந்தாள். மேலே மிதந்த தடித்த ஏட்டைப் பூஞ்சணம் என்று நினைத்து, இவள்தான் எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினாள். "தினம் ஒரு டம்ளர் குடிக்கிறேன் அண்ணி, வயிறு லேசா இருக்கு" என்று போனில் வாய் கூசாமல் சொல்லியும் வந்தாள். இப்போது அண்ணி மடியில் காலி ஜாடியோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "என்னோடது கெட்டுப்போச்சும்மா. ஏடு இல்லாம புதுசா போட முடியாது. உன்னோடதுல ஒரு துண்டு வெட்டிக் குடு." அண்ணியின் கண் அலமாரிக்குப் போய், சர்க்கரையில் நின்று, திரும்பி வருகிறது. "சரி, சாதா டீயே போடு" என்கிறாள். சர்க்கரைக்கு இவள் அந்த ஜாடியைத்தான் திறந்தாக வேண்டும்.