முன் சக்கரத்து எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜை அன்று க்ரூஸர் பைக்குக்கு மாலை போட்டு, முன் சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். பழம் வெலவெலத்துப்போய் மேலே பார்த்தது.

"ஐயா, உங்க எடை எவ்வளவு?"

"நூத்தித் தொண்ணூறு கிலோ. முந்நூத்தி அம்பது சிசி. மலைப்பாதையில மூச்சு வாங்காம ஏறுவேன். ஒரு தடவை டேங்க் ரொப்பினா நானூறு கிலோமீட்டர் நிக்கவே மாட்டேன். இன்னிக்குக் கிளம்பினா நேரா லடாக்தான். உன் மேல ஏறினதுகூட எனக்குத் தெரியாது."

பழம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

சொந்தக்காரர் சபாபதி ஏறி உட்கார்ந்து ஸ்விட்சை அழுத்தினார். பைக் 'டொக்' என்றது. மறுபடியும் 'டொக்'. மூன்றாவது தடவை அதுவும் இல்லை. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தியதில் பேட்டரி இறங்கியிருந்தது. அவர் மாலையைக்கூடக் கழற்றாமல் உறையைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் நின்ற மொபெட்டை எடுத்துக்கொண்டு பொரி வாங்கப் போனார்.

"அப்பாடா, பிழைச்சேன்" என்றது பழம்.

பின் சக்கரத்தடியில் கறுத்துச் சுருங்கிக் கிடந்த இன்னொரு எலுமிச்சம்பழம் மெல்லத் திரும்பிப் பார்த்தது.

"நீ நிம்மதியா இரு தம்பி. போன வருஷம் எங்கிட்டயும் லடாக்னுதான் சொன்னாரு."