சட்டியோடு ஒதுங்கிய கிடா

சீறும் சிங்கங்கள் கபடிக் குழுவில் சிங்கம் ஒன்றுகூட இல்லை. கேப்டன் எருமை, அப்புறம் காளை, பன்றி, புதிதாகச் சேர்ந்த கிடா. அவ்வளவுதான்.

ஜெயித்தால் ஆளுக்கொரு சட்டிக் கள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும். அது குழுவின் வழக்கம். அன்றைக்குக் கடைசியாகப் பாடிப் போய், மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்து ஜெயிக்க வைத்ததே கிடாதான். ஆனால் அந்தப் புளித்த வாடையே அதற்கு ஆகாது.

"குடிடா தம்பி! நீயெல்லாம் ஆம்பளைதானே?" என்றது எருமை.

எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கிடா சட்டியோடு மைதானத்தின் ஓரத்தில் இருந்த எறும்புப் புற்றுக்குப் பின்னால் நழுவியது. யாராவது பார்த்துவிட்டால் நாளைக்கு ஆட்டத்தில் சேர்ப்பார்களா? கண்ணை மூடிக்கொண்டு சட்டியைக் கவிழ்த்தது.

"மெதுவா ஊத்துங்கண்ணே!" என்று கீழேயிருந்து ஒரு குரல் குழறியது. கட்டெறும்பு ஒன்று நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. "கேப்டன் ஊத்தினதே இன்னும் தீரலை. காளையண்ணன் பங்கும் பன்னியண்ணன் பங்கும் வேற அப்படியே கிடக்கு."

கிடாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காலிச் சட்டியோடு நேராகப் போய் எருமையின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அண்ணே, அடுத்த தடவை ஜெயிச்சா மோர் வச்சுக்கலாமா?"

எருமை புற்றைப் பார்த்தது. கிடாவைப் பார்த்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கொஞ்சம் உப்புப் போட்டுடா" என்றது.