பெரிய மோட்டார்

பழைய ரிமோட் காருக்குள் புது மோட்டாரைப் பார்த்ததும் குமரவேல் கத்தினான்.

"தொடைக்கத்தானே குடுத்தேன்? மோட்டாரை எவன் மாத்தச் சொன்னது?"

"வேகம் பத்தலைன்னாங்க. பெருசா போட்டேன்," என்றாள் தர்மபுரியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நசீம் பானு.

"நாப்பது வருசத்துக் காருடி! எங்கப்பா ஞாபகமா ஷோகேஸ்ல வச்சிருக்கேன்."

"'டி' போட்டுப் பேசாதீங்க. காருக்குச் சொந்தக்காரரே சொன்னாருங்க."

"எவன் அவன்?"

"பாலக்கோட்டுல முதியோர் இல்லத்துக்கு ஃபேன் மாட்டப் போனேன். என் பையில இந்தக் காரைப் பாத்துட்டு ஒருத்தர் அழுதாரு. உங்கப்பாங்க. ஒரு தடவையாவது வேகமா ஓட்டிப் பாக்கணுமாம்."



குமரவேலின் கையிலிருந்து காரை வாங்கி அவள் பைக்குள் வைத்தாள்.

"உங்க வூட்டு ஷோகேஸுக்கு இல்லீங்க. அவருகிட்டதான் குடுக்கப் போறேன்."