வாராவாரம் ஒரு புகார்

"அக்கா, அந்த உஷ் சார் மறுபடியும் நம்ம மேல புகார் கொடுத்துட்டாராம்!"

வலை கட்டிக்கொண்டிருந்த கோச் அக்காவிடம் மூச்சிரைக்க வந்து சொன்னாள் அணித் தலைவி.

திடலை ஒட்டிய வீட்டின் முதல் மாடிக்காரருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் உஷ் சார். கூச்சல் தாங்கவில்லை என்று வாரம் தவறாமல் நகராட்சியில் போய்ச் சண்டை போடுவார். ஒருமுறை ஆணையரையே கையோடு அழைத்து வந்து காட்டினார்.

"கத்தாம எப்படிக்கா கால்பந்து ஆடறது?"

"அதை விடு. இன்னிக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருக்கு."

ஊர் கிடுகிடுவென வளர்ந்துகொண்டிருந்தது. பார்த்த பக்கமெல்லாம் அடுக்குமாடி. ஓடியாட மிச்சமிருந்தது நகராட்சியின் இந்த ஒரு திடல்தான். 'சும்மா கிடக்கிற மனைதானே, எங்களுக்கு விற்றுவிடுங்கள்' என்று ஒரு கட்டுமானக் கம்பெனி கேட்டிருந்தது. முடிவு சொல்ல அன்று கூட்டம்.

கோச் அக்கா நகராட்சி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில் மனைவியோடு உஷ் சார்!

'போச்சு. எரியற நெருப்புல எண்ணெய் ஊத்த வந்துட்டார்.'

கம்பெனிக்காரர் எழுந்தார். "அங்கே யாருமே விளையாடறதில்லைங்க. புல்லு மண்டிக் கிடக்கு."

ஆணையர் சிரித்துவிட்டார்.

"யாருமே இல்லையா? பிள்ளைங்க சத்தம் தாங்கலைன்னு இவர் வாராவாரம் வந்து எங்க உயிரை எடுக்கறாரே! நானே நேர்ல போய்ப் பார்த்தேன், கால் வைக்க இடமில்லை. அது காலி மனை இல்லைங்க, விளையாட்டுத் திடல். விற்க முடியாது."

போன உயிர் திரும்பி வந்தது கோச் அக்காவுக்கு. வாசலுக்கு ஓடி உஷ் சாரைப் பிடித்தார்.

"சார், உங்க புகார்தான் எங்களைக் காப்பாத்திச்சு! இனிமே பிள்ளைங்களைச் சத்தம் போடாம ஆடச் சொல்றேன் சார்."

அவர் புன்னகையோடு தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பின்னால் வந்த அவர் மனைவி நின்றார்.

"திடலை வித்துடாதீங்கன்னு முதல்ல கெஞ்சித்தாம்மா பார்த்தார். ஒருத்தரும் கண்டுக்கலை. புகார்னதும் அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தாங்க."

"அப்போ... சத்தம் தொந்தரவுன்னு சொன்னது?"

"நல்லாக் கத்தியே ஆடச் சொல்லும்மா. அவருக்கு ரெண்டு காதும் சுத்தமாக் கேட்காது!"